நோய் நீங்கியும் நீங்காத களைப்பு

புற்றுநோய் என்பது ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளும் தாழ்ந்த குரலிலேயே பேசப்பட்ட சொல். அந்நோய் கண்டவர் மீள்வதில்லை என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது. இன்று நிலைமை அவ்வாறன்று. காலத்தோடு கண்டறியப்படும் புற்றுநோய்கள் பல, சத்திரசிகிச்சையாலும் கதிர்ச்சிகிச்சையாலும், மக்கள் 'கீமோ' என வழங்கும் இரசாயன மருந்துச் சிகிச்சையாலும் தீர்க்கப்படுகின்றன. மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் கண்டியிலும் காலியிலும் மட்டக்களப்பிலும் உள்ள சிகிச்சை நிலையங்களிலிருந்து பலர் நலம்பெற்று வீடு திரும்புகின்றனர். நோயை வெல்லும் வழிபற்றிப் பலரும் பேசுகின்றனர். வென்றபின் வாழும் வழிபற்றிப் பேசுவோர் சிலரே. அவ்வாறு பேசாது விடப்பட்டவற்றுள் முதன்மையானது, சிகிச்சை முடிந்தபின்னும் உடலை விட்டகலாத களைப்பாகும்.

களைப்பு யாவர்க்கும் உரியது. வயலில் நாள் முழுதும் நின்றவனுக்கும் களைப்பு உண்டு. இரவெல்லாம் கண்விழித்துப் பிள்ளையைப் பார்த்த தாய்க்கும் களைப்பு உண்டு. ஆனால் அக்களைப்பின் காரணமும் தெரியும், அது நீங்கும் வழியும் தெரியும். ஓரிரவு அயர்ந்து உறங்கினால் மறுநாட் காலையில் உடல் பழைய நிலைக்கு வந்துவிடும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பு இவ்வகையினதன்று. அது செய்த வேலையின் அளவுக்கேற்ப வருவதில்லை. குளித்து உடை மாற்றிய அளவிலேயே அரைமணி நேரம் படுத்திருக்க வேண்டியதாகின்றது. எட்டு மணி நேரம் உறங்கியவர், உறங்காதவர் போலவே எழுகின்றார். உடலோடு மட்டும் அது நிற்பதுமில்லை. பத்திரிகையின் ஒரு பத்தியை வாசித்து முடிப்பதற்குள் கருத்துச் சிதறுகின்றது. நன்கறிந்தவர் பெயரும் நாவில் வர மறுக்கின்றது. அடுக்களைக்குள் சென்றபின் எதற்காகச் சென்றோம் என்பது மறந்துபோகின்றது. முயற்சிக்கு விகிதமில்லாமல் வருதல், ஓய்வினால் தீராதிருத்தல், அன்றாட வாழ்வைத் தடுத்தல் என்னும் மூன்றுமே இக்களைப்பை ஏனைய களைப்புகளினின்றும் வேறுபடுத்தும் அடையாளங்கள் என வைத்திய நூலார் கூறுவர்.

சிகிச்சை நடைபெறும் காலத்தில் இதனை அறியாத நோயாளர் மிகச் சிலர். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோருக்கு அது சில மாதங்களிலோ ஓராண்டளவிலோ சிறிது சிறிதாகக் குறைந்து மறைகின்றது. ஆயினும் ஒரு பகுதியினருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது. அமெரிக்காவில், மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட 1,957 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மிகுந்த களைப்புடையராயிருந்தனர். அதே பெண்களுட் பலரை மீண்டும் வினவி எழுதிய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. நோய் கண்டறியப்பட்டு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழிந்திருந்த அக்காலத்திலும் களைப்புற்றோர் விகிதம் ஏறத்தாழ முன்போலவே இருந்தது.

இத்துணைப் பரவலான துன்பம் நெடுங்காலம் கவனிக்கப்படாது கிடந்தமைக்குக் காரணம் உண்டு. 1997 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், அன்றாட வாழ்வைப் பெரிதும் குலைப்பது நோவா, களைப்பா என்ற வினா நோயாளரிடமும் வைத்தியரிடமும் தனித்தனியே கேட்கப்பட்டது. நோயாளரிற் பெரும்பாலோர் களைப்பே என்றனர்; வைத்தியரிற் பெரும்பாலோர் நோவே என்றனர். களைப்பு இவ்வாறு வருவது இயல்புதானே என்று எண்ணி நோயாளர் அதனைச் சொல்லாமல் விடுகின்றனர். சொல்லப்படாததை வைத்தியரும் கேளாமல் விடுகின்றனர். இம்மௌனத்தினிடையே மூன்று பிழையான எண்ணங்கள் வேரூன்றிவிடுகின்றன. ஒன்று சுற்றத்தாருடையது, ஒன்று நோயாளருடையது, மற்றையது அன்பின் மிகுதியால் இருசாராரும் சேர்ந்து செய்வது.

சுற்றத்தாருடைய பிழை, இக்களைப்பைச் சோம்பல் எனக் கொள்வதாகும். எடுத்துக்காட்டாக, மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட ஓர் ஆசிரியையை எண்ணிப் பார்க்கலாம். உதிர்ந்த கூந்தல் மீண்டும் வளர்ந்துவிட்டது. முகத்திலே பழைய பொலிவு வந்துவிட்டது. பார்ப்பவர்க்கு அவர் நலமுற்றவர். பாடசாலைக்குத் திரும்பி மூன்று பாடவேளை நின்று கற்பித்தபின், நான்காம் பாடவேளையிற் கரும்பலகையில் எழுதக் கை எழவில்லை. வீடு வந்ததும் படுத்துவிடுகின்றார். முதல் மாதம் வீட்டார் பரிவு காட்டுவர். ஆறாம் மாதம், "வைத்தியர் எல்லாம் சுகம் என்றுதானே சொன்னார்?" என்ற வினா எழும். அவ்வினாவிற் கடுமை இல்லாதிருக்கலாம். ஆயினும் கேட்பவர் நெஞ்சில் அது குற்றச்சாட்டாகவே விழும். காய்ச்சலை வெப்பமானி காட்டும். எலும்பு முறிவைக் கதிர்ப்படம் காட்டும். களைப்பை அளந்து காட்டும் கருவி இல்லை. உற்றவர் சொல்லே அதற்குச் சான்று. அச்சொல்லை நம்புவதே அவருக்குச் செய்யத்தக்க முதலுதவி.

நோயாளருடைய பிழை, களைப்பை நோயின் வருகையாகக் கொள்வது. நோய் முதன்முதல் தோன்றியபோது களைப்போடு தோன்றியிருக்குமாயின் இவ்வச்சம் இயல்பேயாகும். ஆனால் சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து வரும் களைப்பு, தனியே நின்று, நோய் திரும்பிவிட்டது என்பதற்கு அறிகுறியாவது அரிது. உடல் நிறை காரணமின்றிக் குறைதல், புதிய கட்டி தோன்றுதல், எலும்பில் இடையறாத நோவு, ஓயாத இருமல், குருதி வெளிப்படுதல் முதலியன களைப்போடு சேர்ந்து வரின் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லல் வேண்டும். அவ்வாறன்றிப் பழைய களைப்பே நீடிக்குமாயின் அச்சப்படுவதினும் அதன் காரணத்தை ஆராய்வதே தக்கது. ஏனெனில் அச்சம் உறக்கத்தைக் கெடுக்கும். கெட்ட உறக்கம் களைப்பை வளர்க்கும். வளர்ந்த களைப்பு அச்சத்தை மேலும் வளர்க்கும்.

காரணம் ஒன்றன்று, பல. அவற்றுள் சில எளிதிற் கண்டறிந்து தீர்க்கத்தக்கவை. இரசாயன மருந்துகள் எலும்பு மச்சையைத் தாக்குவதாற் குருதிச்சோகை உண்டாகலாம்; ஈமோகுளோபின் குறைந்தால் உடலின் ஒவ்வோர் உறுப்பும் பிராணவாயுவுக்கு ஏங்கும். கழுத்துப் பகுதியிற் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்க்குச் சில ஆண்டுகள் கழிந்தபின்னும் தைரொயிட் சுரப்பி மந்தமடையக்கூடும். உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றை அழிக்கும் புதிய மருந்துகளும் சிலருக்குச் சுரப்பிகளைப் பாதிக்கின்றன. டொக்சோரூபிசின் போன்ற மருந்துகள் சிலருடைய இதயத் தசையை வலுக்குன்றச் செய்யலாம். மார்புப் புற்றுநோய்க்குப் பின் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளப்படும் டமொக்சிபென் முதலிய மருந்துகளும், நோவுக்கும் உறக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் மாத்திரைகளும் அயர்ச்சி தரவல்லன. நீரிழிவு, சிறுநீரக நோய், மனச்சோர்வு என்பனவும் களைப்பின் போர்வையில் மறைந்திருக்கலாம். ஆதலின், களைப்புடையவர் முதலிற் செய்யவேண்டியது, அடுத்த முறை வைத்தியசாலை செல்லும்போது அதனை வெளிப்படையாகச் சொல்லிக் குருதிப் பரிசோதனை செய்துகொள்வதாகும். உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும், நாட்டு மருந்துகளையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிச் செல்வது நன்று. "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாது, "முன்பு சந்தை வரை நடந்தேன், இப்போது பாதி வழியில் இருக்க வேண்டியதாகிறது" என்று சொன்னால் வைத்தியருக்கு நிலைமை தெளிவாக விளங்கும்.

இக்காரணங்கள் யாவும் இல்லையென்று தெளிந்தபின்னும் களைப்பு எஞ்சி நிற்பது உண்டு. நோயினாலும் சிகிச்சையினாலும் தூண்டப்பட்ட உடலின் தற்காப்பு ஏற்பாடு, அவை முடிந்தபின்னும் முழுதாக அடங்காமையே இதற்கொரு காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். தீ அணைந்தபின்னும் சாம்பலுக்குள் தணல் கிடப்பது போன்றது அது. அத்தற்காப்பில் ஈடுபடும் சைட்டோகைன் என்னும் பொருள்கள் மூளையை அடைந்து, காய்ச்சற் காலத்தில் உண்டாவது போன்ற அயர்ச்சியை உண்டாக்குகின்றன. இதனோடு, நெடுநாள் படுக்கையிற் கிடந்தமையால் மெலிந்த தசைகளும், ஒழுங்கு குலைந்த உறக்கமும் சேர்ந்துகொள்கின்றன.

இவ்விடத்திலேதான் மூன்றாவது பிழை நேர்கின்றது. "பாவம், களைத்துப் போயிருக்கிறார், படுத்திருக்கட்டும்" என்று வீட்டார் எழுந்திருக்கவும் விடாது பார்த்துக்கொள்கின்றனர். தண்ணீரும் படுக்கைக்கே வருகின்றது. இப்பிழை அன்பினால் விளைவது, ஆயினும் பிழையே. வைத்தியர்களும் ஒரு காலத்தில் ஓய்வையே மருந்தாகக் கூறினர். சத்திரசிகிச்சை நடந்த முதற் சில நாள்களுக்கும் காய்ச்சற் காலத்துக்கும் அது பொருந்தும். மாதக்கணக்கில் நீளும் களைப்புக்கு அது பொருந்தாது என்பதை ஆராய்ச்சிகள் காட்டின.

அமெரிக்காவின் டலஸ் நகரில் 1966 ஆம் ஆண்டு நடந்த ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. நோய் ஏதுமற்ற ஐந்து இளைஞர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். மூன்றே வாரத்தில் அவர்கள் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தி உழைக்கும் ஆற்றலிற் காற்பங்கு அளவை இழந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996 இல், ஐம்பது வயதடைந்த அதே ஐவர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து கவர்ந்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை கவர்ந்தது அதிகமாக இருந்தது. நல்ல உடலுடைய இளைஞர் நிலை இதுவாயின், நோயாலும் மருந்தாலும் நலிந்தவர் மாதக்கணக்கிற் படுத்திருந்தால் யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. படுப்பதாற் தசை மெலிகின்றது. தசை மெலிவதாற் சிறு வேலையும் பெரிதாகத் தோன்றுகின்றது. பெரிதாகத் தோன்றுவதால் மீண்டும் படுக்க நேர்கின்றது.

இவ்வட்டத்தை முதலில் உடைக்க முயன்றோருள் தாதியரும் இருந்தனர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், இரசாயன மருந்துச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த மார்புப் புற்றுநோயாளரை, நிலையாக நிறுத்திய துவிச்சக்கர வண்டியில் வாரம் மூன்று முறையாகப் பத்து வாரம் மிதிக்கச் செய்த தாதிய ஆய்வாளர், அவர்களின் உழைக்கும் ஆற்றல் குறையாது கூடியதை 1989 இல் வெளியிட்டனர். 1997 இல் ஜேர்மனியிலிருந்து வெளிவந்த ஆய்வு, மிகக் கடுமையான மருந்துச் சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் நடைப்பயிற்சி செய்தோருக்கு உடலுறுதியும் ஈமோகுளோபின் அளவும் ஏனையோரிலும் மேம்பட்டதைக் காட்டியது. 2017 இல், 11,000 க்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட 113 ஆய்வுகள் ஒருங்கே தொகுத்து ஆராயப்பட்டன. இக்களைப்பைத் தணிப்பதில் உடற்பயிற்சியும் உளச்சிகிச்சையும் மருந்துகளைவிட மேலானவை என்பதே அத்தொகுப்பின் முடிவு.

இம்முடிவு தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது பழமொழி. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் இதன் மறுபக்கத்தையும் அறிவர். அங்குள்ள சுண்ணக்கற் பாறையின் அடியில் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கின்றது. அளவறிந்து இறைத்தால் நன்னீர் மீண்டும் ஊறும். கோடையில் அளவு கடந்து இறைத்தாலோ அடியிலுள்ள உவர்நீர் மேலெழும், பயிரும் கருகும். களைப்புற்ற உடலும் அவ்வாறே. இறையாமல் விட்டாலும் கேடு. ஒரே நாளில் வற்ற இறைத்தாலும் கேடு. நாள்தோறும் அளவோடு இறைப்பதே முறை.

அளவை அறிவதற்கு ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். இரண்டு வாரம், காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும், களைப்பு இல்லையெனிற் சுழியமும் தாங்கொணாததெனிற் பத்துமாக ஓரெண் இட்டு, அவ்வேளை செய்த வேலையையும் அருகே குறித்துவர வேண்டும். இரண்டு வார முடிவிற் சில உண்மைகள் தாமாகவே தெரியும். சிலருக்குக் காலைப் பொழுது தெளிவானது, சிலருக்கு மாலை. சிலருக்கு வைத்தியசாலை சென்று வந்த மறுநாள் முழுதும் பயனற்றுப் போகின்றது. தெளிவான வேளையை முதன்மையான வேலைக்கு ஒதுக்கி, ஏனைய வேலைகளைப் பிறர்க்குப் பகிர்ந்தோ மறுநாளுக்குத் தள்ளியோ விடலாம். காய்கறி அரிதலையும் துணி மடித்தலையும் இருந்துகொண்டே செய்யலாம். அடிக்கடி வேண்டும் பாத்திரங்களைக் குனியாமலும் எட்டாமலும் எடுக்கக்கூடிய உயரத்தில் வைக்கலாம். இவை சிறியவை; ஆனால் சேமிக்கும் வலுவோ சிறிதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். உடல் சற்றுத் தெளிந்த நாளில், இதுவரை தேங்கிய வேலை யாவற்றையும் ஒருங்கே முடித்துவிடப் பலர் முயல்வர். வீடு கூட்டி, துணி துவைத்து, விருந்தினரையும் வரவேற்று முடித்தபின் மூன்று நாள் எழமாட்டார். நல்ல நாளில் இன்னும் செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்துதலும், தளர்ந்த நாளிலும் சிறிதளவேனும் செய்தலும் களைப்பை ஆளும் கலையாகும்.

உடற்பயிற்சி என்றவுடன் விளையாட்டு மைதானத்தை நினைக்க வேண்டியதில்லை. நடத்தலே போதிய தொடக்கம். முதல் வாரம், வீட்டு வாயிலிலிருந்து படலை வரை சென்று திரும்புவதாக இருக்கலாம். ஐந்து நிமிடமாயினும் தாழ்வில்லை. உடல் இடங்கொடுக்குமாயின் வாரந்தோறும் இரண்டொரு நிமிடம் கூட்டலாம். கோவிலின் வெளிவீதியும் தேவாலயத்தின் முற்றமும் இளங்காலையில் நடப்பதற்கு ஏற்ற இடங்கள். நிழலும் உண்டு, துணைக்கு நாலு பேரும் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும் என்பது வேகத்தை அறியும் எளிய அளவுகோல். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2019 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம், பன்னிரண்டு வாரமளவும் மிதமான பயிற்சி செய்தல் இக்களைப்பைக் குறைக்கும். அது சென்றடைய வேண்டிய இலக்கேயன்றித் தொடங்க வேண்டிய இடம் அன்று. இதனோடு வாரத்தில் இரு நாள், நாற்காலியிலிருந்து கைபிடியாமல் எழுந்து இருத்தல், நீர் நிரப்பிய சிறு போத்தலை உயர்த்தி இறக்கல் போன்ற தசைப்பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரின் இசைவு பெறல் வேண்டும். எலும்பிற் புற்று பரவியவர், குருதிச்சோகை கடுமையாக உள்ளவர், குருதிச் சிறுதட்டுகள் குறைந்தவர், இதய நோய் உடையவர் ஆகியோருக்கு முறையும் அளவும் வேறாகும். காய்ச்சல் உள்ள நாளிற் பயிற்சி கூடாது. நடக்கும்போது நெஞ்சு நோவு, மிகுந்த மூச்சுத் திணறல், தலைச்சுற்று என்பன தோன்றினாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும் உடனே நிறுத்தி வைத்திய உதவியை நாட வேண்டும்.

உறக்கத்துக்கும் ஒழுங்கு வேண்டும். இரவில் எந்நேரம் உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல் நலம். எழுந்தவுடன் முற்றத்து வெளிச்சத்திற் சிறிது நேரம் நின்றால் உடலின் உட்கடிகாரம் சீர்ப்படும். பகலுறக்கம் வேண்டுமாயின் அரைமணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன் முடிதல் வேண்டும். மாலைக்குப் பின் தேநீரையும் கோப்பியையும் தவிர்ப்பதும், படுக்கையில் கைத்தொலைபேசியைப் பார்த்திருப்பதை விடுவதும் நன்று. புற்றுநோயிலிருந்து மீண்டோர் 410 பேர் பங்குகொண்டு 2013 இல் வெளிவந்த ஆய்வொன்று, மென்மையான யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் உறக்கத்தைச் சீராக்கி, பகல் நேர அயர்ச்சியையும் குறைத்ததைக் காட்டியது.

உணவிற் புதுமை வேண்டியதில்லை. போதிய புரதம் வேண்டும். மெலிந்த தசையை மீண்டும் கட்டுவது அதுவே. மீன், முட்டை, பருப்பு, பயறு, உழுந்து, தயிர் என நம் அடுக்களை அறிந்தவையே போதுமானவை. மூன்று வேளை பெருஞ்சோறு உண்ண இயலாதவர் ஐந்தாறு வேளையாகச் சிறிது சிறிதாக உண்ணலாம். நீர் குறைந்தாலும் களைப்பு மிகும். களைப்பை ஒரே மாதத்தில் நீக்கும் என விளம்பரம் செய்யப்படும் சூரணங்களையும் சத்து மருந்துகளையும் வைத்தியரைக் கேளாமல் வாங்குதல் ஆகாது. அவற்றுட் சில, உட்கொண்டுவரும் புற்றுநோய் மருந்தின் செயலைக் கெடுக்கக்கூடும்.

மனத்தைப்பற்றியும் சொல்ல வேண்டும். களைப்பும் மனச்சோர்வும் ஒன்றல்ல. களைப்புற்றவர் பேரப்பிள்ளையோடு விளையாட விரும்புவார், உடல் இடங்கொடாது. மனச்சோர்வுற்றவருக்கு அவ்விருப்பமே அற்றுப்போகும். இரண்டும் ஒருங்கே வருவதும் உண்டு. முன்பு இனித்தவை எவையும் இனிக்கவில்லை, வாழ்வதிற் பயனில்லை என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதனை மறையாது வைத்தியரிடம் கூறல் வேண்டும். மனச்சோர்வு இல்லாதவர்க்கும் உளச்சிகிச்சை பயன்படும் என்பதற்கு நெதர்லாந்தின் நைமேகன் நகரிலிருந்து 2006 இல் வெளிவந்த ஆய்வு சான்றாகும். உறக்கம், அச்சம், களைப்பைப்பற்றிய எண்ணம், செயலின் ஒழுங்கு என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திருத்தியபோது, கடுங்களைப்புற்றிருந்தோர் பலர் கணிசமாகத் தேறினர்.

திருவள்ளுவர் மருத்துவத்தின் பகுதிகளை எண்ணுமிடத்து, நோயுற்றவன், வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிவிடை செய்வோனையும் நான்காவதாகச் சேர்த்தார். இக்களைப்பைப் பொறுத்தவரை அந்நான்காமவருடைய பங்கு பெரிது. எல்லா வேலையையும் பறித்துக்கொள்வது அவர் பணியன்று. எல்லாவற்றையும் பழையபடி எதிர்பார்ப்பதும் அன்று. "இன்று எதனை நான் செய்யட்டும், எதனை நீங்கள் செய்வீர்கள்?" என்று நாள்தோறும் கேட்பதே அவர் செய்யத்தக்கது. தாயொருத்தி சமையல் முழுவதையும் செய்ய இயலாதவளாயினும், குழம்புக்கு உப்புப் புளி பார்த்துச் சொல்லும் உரிமையேனும் அவளிடம் இருத்தல் வேண்டும். வேலை குறையலாம், வீட்டில் அவளுக்குரிய இடம் குறைதல் ஆகாது. கந்தோர்களுக்கும் பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். மீண்டு வந்தவருக்கு முதற் சில மாதம் பாடவேளைகளைக் குறைத்தும், மாடி வகுப்பைத் தவிர்த்தும், இருந்து கற்பிக்க நாற்காலி அளித்தும் உதவினால், ஒருவர் தொழிலை இழவாது காக்கலாம். சலுகை எனப்படுவது சில மாதமே. ஆனால் அதனால் நிலைப்பது ஒருவரின் எஞ்சிய தொழில்வாழ்வு.

2011 ஆம் ஆண்டில், இத்தீவின் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க அதனால் நிதி திரட்டப்பட்டது. 2013 இல் அவ்வைத்தியசாலை திறக்கப்பட்டது. பின்னர் 2016 இல், காலி கராப்பிட்டியில் அத்தகைய வைத்தியசாலை அமைப்பதற்காக வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மக்கள் நடந்தனர். நோயுற்றோருக்காக அத்துணை நெடுந்தூரம் நடக்க முன்வந்த நாடு இது. அவ்வாறான நிலையங்களிலிருந்து மீண்டு வருவோர் முதலில் நடக்கவேண்டிய தூரமோ வாயிலிலிருந்து படலை வரையே. அச்சிறு தூரத்தைத் தனியே நடக்கத் தயங்குவோர் பலர். வீட்டில் ஒருவர் நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அவசரப்படுத்தாமலும் தடுக்காமலும் அவரோடு சேர்ந்து நடப்பாராயின், அவ்வுதவி எம்மருந்துக்கும் குறைந்ததன்று.